நடக்கிறவருக்குப் போட்ட பந்தல்

எங்கள் தெருவை அடைக்க வேண்டுமென்றால் ஒன்று யாராவது சாக வேண்டும், இல்லையென்றால் ஆடி மாதம் பிறக்க வேண்டும். சாவு விழுந்த வீட்டில் யாரும் யாரிடமும் அனுமதி கேட்பதில்லை. பொழுது விடிவதற்குள் தெருவை மறித்துச் சாமியானா நிற்கும், பிளாஸ்டிக் நாற்காலிகள் வரிசையாக வந்துவிடும், வருகிற வண்டியெல்லாம் வாயை மூடிக்கொண்டு திரும்பிப் போகும். ஆடியில் அம்மனுக்குக் கூழ் வார்க்கும்போதும் அப்படித்தான். ஆனால் உயிரோடிருக்கும் ஒரு மனிதர் காலாற நடப்பதற்காகத் தெருவை அடைக்க வேண்டும் என்று நான் போய்க் கேட்டபோது, எல்லாரும் என்னை ஏற இறங்கப் பார்த்தார்கள். இந்த அம்மாவுக்கு எங்கேயோ கழன்றுவிட்டது என்றே நினைத்திருப்பார்கள். நினைக்கட்டும். கடைசியில் ஜெயித்தது நான்தான்.

நாங்கள் இருப்பது அம்பத்தூரில். ஒரு பக்கம் மெயின் ரோடு, மறுபக்கம் தொழிற்பேட்டை எஸ்டேட்டுக்குப் போகிற ரோடு, இரண்டையும் இணைக்கிற சின்னத் தெரு எங்களுடையது. ஒரு வேப்பமரம், ஒரு இஸ்திரி வண்டி, எஸ்டேட் பக்கத்து முனையில் ஒரு டீக்கடை. எதிர் வீட்டுக்காரியிடம் இன்றைக்கு என்ன குழம்பு என்று வாசலில் நின்றே கேட்டுக்கொள்ளலாம், அவ்வளவுதான் அகலம். மெயின் ரோட்டு சிக்னலில் நிற்கப் பொறுமையில்லாதவர்களுக்கு, போனில் வழி சொல்லும் பெண் ஒருத்தி இந்தத் தெருவைக் காட்டிக்கொடுத்துவிட்டாள். அதிலிருந்து காலையும் மாலையும் கார்கள் எங்கள் வாசல் வழியாக வரிசைகட்டிப் போக ஆரம்பித்தன. எதிரும் புதிருமாக இரண்டு கார் வந்துவிட்டால் இருவரும் ஹாரனை அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள், யாரும் பின்னால் போகமாட்டார்கள். எங்கள் சமையலறையில் நின்றாலே கார் கண்ணாடி வழியாக அவளுடைய குரல் கேட்கும். 'இடதுபுறம் திரும்பவும்' என்று அவள் சொல்லும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். யாருடி நீ, எங்கள் தெருவில் உனக்கென்ன வேலை என்று ஜன்னல் வழியாகத் திட்டியிருக்கிறேன்.

நான் எஸ்டேட்டில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் செக்கிங் பிரிவில் சூப்பர்வைசராக இருந்தவள். வேலையில் பாதி வாழ்நாள் போய்விட்டது. தைத்து வந்த சட்டையை உள்பக்கம் திருப்பிப்போட்டு, எங்கே தையல் தவறியிருக்கிறது, எங்கே நூல் தொங்குகிறது என்று பார்ப்பதுதான் வேலை. அந்தக் கண் இன்னும் போகவில்லை. ஒரு தப்பு கண்ணில் பட்டால் அதைப் பிரித்துத் திருப்பித் தைக்கும்வரை எனக்குச் சோறு இறங்காது. குரலும் அப்படித்தான், மெஷின் சத்தத்துக்கு மேல் கத்திக் கத்திப் பழகியது. தெருவில் என்னைச் 'செக்கிங் அக்கா' என்பார்கள்.

என் வீட்டுக்காரர் நேர் எதிர். லேத் பட்டறையில் இரும்பு கடைகிற டர்னர். அதிகம் பேசாதவர், ஆனால் நடக்கச் சொன்னால் ஆவடி வரைக்கும் நடப்பார். கம்பெனிக்குச் சைக்கிள்கூட வாங்கவில்லை. போக நடை, வர நடை. காலையில் சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு கேட்டருகில் நின்று, "போய்ட்டு வர்றேம்மே" என்று ஒரு குரல் கொடுத்துவிட்டுத்தான் தெருவில் கால் வைப்பார். நான் அடுப்படியிலிருந்து பதில் சொல்லாவிட்டால் சொல்லும்வரை நிற்பார். ஷிப்ட் முடிந்து வரும்போது முனை டீக்கடையில் தன் கூட்டாளியோடு ஒரு டீ. அந்தக் கூட்டாளி வெள்ளானூர்க்காரர், பக்கத்து மெஷினில் வேலை செய்தவர். இரண்டு பேரும் என்னதான் பேசுவார்களோ, டீ ஆறிப்போகும்வரை நின்றிருப்பார்கள்.

ஓய்வு பெற்று வந்த பிறகு ஒரு நாள் சாயங்காலம் அவருக்குப் பக்கவாதம் வந்தது. வாய் ஒரு பக்கம் கோணிக்கொண்டு, இடது கை தொங்கிப்போய், என்னைப் பார்த்து ஏதோ சொல்ல வந்தவருக்குச் சொல் வரவில்லை. ஆம்புலன்ஸ் சீக்கிரமே வந்துவிட்டது. ஆனால் எங்கள் தெருவுக்குள் வர முடியவில்லை. குறுக்கு வழியில் வந்த கார்கள் மூக்கோடு மூக்கு முட்டிக்கொண்டு நின்றிருந்தன. சைரன் கத்துகிறது, யாரும் நகர இடமில்லை. எதிர் வீட்டுத் தம்பிதான் அவரைத் தோளில் தூக்கிப்போட்டுக்கொண்டு கார்களுக்கு நடுவே ஓடினார். அந்தச் சைரன் சத்தம் இன்றைக்கும் என் காதில் இருக்கிறது.

பிழைத்துக்கொண்டார். பேச்சு கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பியது, கை பாதி வந்தது, இடது கால் மட்டும் இழுத்தது. வீட்டுக்கு வந்து பயிற்சி கொடுத்த பிசியோதெரபிப் பெண் கறாரானவள். "ஹாலுக்குள்ள சுத்தறது பத்தாது ஆன்ட்டி, வெளிய சமமான தரையில தினம் நடக்கணும். இப்ப விட்டுட்டா கால் நடையை மறந்துடும். அப்புறம் நாற்காலிதான்" என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டாள். பார்க்குக்குப் போவதென்றால் மெயின் ரோட்டைத் தாண்ட வேண்டும், அது நல்ல காலுள்ளவர்களுக்கே முடியாத காரியம். எங்களுக்கு இருந்தது வாசலிலிருக்கிற இந்தத் தெரு ஒன்றுதான்.

சரி என்று ஒரு சாயங்காலம் அவரைக் கைத்தடியோடு கூட்டிக்கொண்டு இறங்கினேன். இரண்டு வீடு தாண்டவில்லை. பின்னால் வந்த கார் ஒன்றின் பக்கவாட்டுக் கண்ணாடி அவருடைய முழங்கையைத் தட்டியது. பெரிய அடி இல்லை. ஆனால் விழுந்துவிட்டார். காரிலிருந்தவர் கண்ணாடியை இறக்கி, "பெருசு, ஊட்டாண்ட ஒக்கார வேண்டியதுதான?" என்று சொல்லிவிட்டுப் போனார். அவரைத் திட்டிக்கொண்டே நான் கொஞ்ச தூரம் ஓடினேன். திரும்பி வந்து பார்த்தபோது என் வீட்டுக்காரர் தரையில் உட்கார்ந்தபடி அழுதுகொண்டிருந்தார். அவர் அழுது நான் பார்த்ததே இல்லை.

அதோடு கேட்டைத் தாண்டுவதை நிறுத்திவிட்டார். கெஞ்சினேன், கத்தினேன், இரண்டு நாள் பேசாமல்கூட இருந்து பார்த்தேன். "வேணாம்மே" என்ற ஒரே சொல்தான் வந்தது. ஹாலில் தெருவுக்கு முதுகைக் காட்டி நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். மாதங்கள் போயின. தெருவில் அவரைப் பார்க்காதவர்கள் என்னிடம் விசாரிப்பதையும் மெல்லக் குறைத்துக்கொண்டார்கள். கூட்டாளிக்கும் மூட்டுவலி, வெள்ளானூரிலிருந்து வர முடியவில்லை, போன் செய்தால் இவர் பேசமாட்டார். குழறும் பேச்சைக் கூட்டாளி கேட்கக்கூடாது என்று வெட்கம்.

அப்போதுதான் இஸ்திரி வண்டிக்குப் பக்கத்து வீட்டில் ஒரு பெரியவர் தவறிப்போனார். விடியும்போது தெருவின் இரண்டு முனையும் அடைபட்டிருந்தன. அந்த நிசப்தத்தை நான் சமையலறையிலிருந்தே கேட்டேன். குருவி கத்தியது. என் வீட்டுக்காரர் நாற்காலியைத் திருப்பிப்போட்டுத் தெருவைப் பார்த்தார். பிறகு, நான் ஒன்றும் சொல்லாமலே, "மால வாங்கினியா?" என்று கேட்டு, தடியை ஊன்றி எழுந்தார். அன்றைக்கு அவர் அந்த வீடு வரைக்கும் நடந்து போய்க் கும்பிட்டுவிட்டு நடந்தே திரும்பி வந்தார். வழியில் ஒரு தடவைகூடப் பின்னால் திரும்பிப் பார்க்கவில்லை. சாவு வீட்டுக்குப் போய்விட்டுச் சந்தோஷமாகத் திரும்பியவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். வீட்டில் வந்து தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டபோது எனக்கு எல்லாம் தெளிவாகிவிட்டது. கோளாறு அவர் காலில் இல்லை, தெருவில்தான் தையல் விட்டுப்போயிருக்கிறது. பிரித்துத் தைக்க வேண்டியதுதான்.

அன்றிலிருந்து ஆரம்பித்தேன். வீடு வீடாகப் போய்ப் பேசினேன். சாயங்காலம் கொஞ்ச நேரமும் ஞாயிற்றுக்கிழமை காலையும் வெளிவண்டி வரக்கூடாது, நம் வண்டிகள் மெதுவாக வந்து போகலாம், இதுதான் நான் கேட்டது. பிள்ளைகளை வைத்திருந்தவர்கள் உடனே சரி என்றார்கள். மற்றவர்கள் இழுத்தார்கள். எதிர் வீட்டுத் தம்பிதான் கடைசிவரை முறைத்துக்கொண்டு நின்றார். புதுக் கார் வாங்கியவர், அதற்கு உறை போட்டு மூடித் தெருவிலேயே நிறுத்தி, நாளெல்லாம் அதைத் தடவிக்கொண்டிருப்பார்.

"இன்னாக்கா நீ, ரோட்ட அடைச்சிட்டா அவசரத்துக்கு ஆம்புலன்ஸ் எப்டி வரும்?" என்றார்.

"அன்னிக்கு எப்டிப்பா வந்துச்சு? நீதான தோள்ல போட்டுகினு ஓடினே?" என்றேன்.

அவர் காரின் உறையை இழுத்துச் சரிசெய்தார். பிறகு, "போலீஸ் ஸ்டேஷனுக்கு எப்ப போறே? சொல்லு, நானும் வர்றேன்" என்றார். அந்தக் காரிலேயேதான் என்னைக் கூட்டிக்கொண்டும் போனார். கார்களை நிறுத்தச் சொல்லிக் கேட்பதற்குக் காரில் போய் இறங்கியவள் என்று தெரு இன்றைக்கும் என்னைக் கேலி செய்கிறது.

போக்குவரத்து இன்ஸ்பெக்டர் மோசமான மனிதர் இல்லை, ஆனால் சுலபமாக இறங்கி வருகிறவரும் இல்லை. போனேன், மறுபடி போனேன், மறுபடியும் போனேன். என் தலையைப் பார்த்தாலே வாசலில் நிற்கும் காவலர் உள்ளே போய்ச் சொல்லிவிடுவார். கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலைக்கு மட்டும் சம்மதித்தார்.

"ஒரே ஒரு நாள் பார்க்கிறேன்மா. எங்கேயாவது தகராறு, வண்டிக்காரன் ஒருத்தன் புகார் கொடுத்தான்னு வந்துச்சு, அதோட இந்தப் பேச்சை நீங்க மறந்துடணும். ஒண்ணும் ஆகலைன்னா தினமும் அடைக்க நானே ஏற்பாடு பண்றேன்" என்றார்.

எல்லாம் அந்த ஒரு காலையில் நிற்கிறது என்று எனக்குப் புரிந்தது. அது கெட்டுப்போனால் என் வீட்டுக்காரர் அந்த நாற்காலியிலிருந்து இனி எழமாட்டார்.

சனிக்கிழமை சாயங்காலம் ஸ்டேஷனிலிருந்து இரும்புத் தடுப்பு ஒன்றுதான் வந்தது. அதை மெயின் ரோட்டு முனைக்குக் கொடுத்துவிட்டோம். எஸ்டேட் முனைக்கு ஒன்றுமில்லை. கயிறு கட்டலாம் என்றார் எதிர் வீட்டுத் தம்பி. கயிற்றைத் தூக்கிவிட்டு வந்துகொண்டே இருப்பார்களே! அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. போலீஸ் தடுப்பையே நகர்த்திவிட்டுப் போகிறவர்கள்கூடச் சாமியானாவுக்குள் வண்டியை விடமாட்டார்கள். நிழலுக்கும் ஆயிற்று, தெருக்காரர்கள் உட்கார்ந்து பேச நாற்காலியும் ஆயிற்று. உடனே சாமியானா கடைக்காரருக்குப் போன் போட்டேன்.

"நாளைக்குக் காத்தால வேணும். தெருவை மறிச்சுப் போடணும், ஒரு வண்டி உள்ள வரக்கூடாது" என்றேன்.

அவர் குரல் சட்டென்று இறங்கிவிட்டது. "விடியறதுக்குள்ள போட்டுடட்டுமாம்மா?"

"போட்டுடுங்க. சேரும் நெறைய வேணும், தெரு ஜனம் மொத்தமும் வரும்."

"நா வேற ஒண்ணும் கேக்கலம்மா. மனச தேத்திக்கினு இருங்க. துட்டெல்லாம் அப்பால பாத்துக்கலாம்" என்று போனை வைத்துவிட்டார்.

இவ்வளவு நாள் நான் கார்களோடு பட்ட பாடு அவர் காதுக்கும் போயிருக்கிறது, நல்ல மனிதர் என்று நினைத்துக்கொண்டேன். கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் சாமியானா சொல்கிறவர்கள் நாள் பார்த்து முன்கூட்டியே சொல்வார்கள், கலர் துணி கேட்பார்கள். முதல் நாள் சாயங்காலம் போன் செய்து, விடிவதற்குள் தெருவை மறி என்று சொல்கிற வீடு எப்படிப்பட்ட வீடு என்பது எனக்கு அப்போது தோன்றவே இல்லை. சட்டையில் ஒரு நூல் தொங்கினால் கண்டுபிடிக்கிறவள், இதைக் கோட்டைவிட்டுவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் குட்டியானை என்கிற மினி லாரியில் கம்பும் துணியும் வந்தன. வண்டி ஓட்டி வந்தவர் முனை டீக்கடையில் நிறுத்தி, "செக்கிங் அக்கா ஊடு எது? அங்கதான் சாமியானா சொல்லிக்கீறாங்க" என்று கேட்டிருக்கிறார். டீக்கடைக்காரர் பாலைக் கீழே வைத்துவிட்டு நெஞ்சில் கைவைத்துக்கொண்டாராம். எங்கள் வீட்டுக்காரரை அவர் பார்த்து எத்தனையோ மாதம் ஆகிவிட்டது. அடுத்த நிமிஷம் வெள்ளானூருக்குப் போன் போய்விட்டது. இதெல்லாம் பிற்பாடு தெரியவந்தது. எனக்கு அன்று காலையில் தெரிந்ததெல்லாம், எஸ்டேட் முனையில் நான் காட்டிய இடத்தில் சாமியானா கம்பீரமாக நிற்கிறது, ஒரு கார்கூட உள்ளே வரவில்லை என்பதுதான்.

அந்தச் சந்தோஷத்தை எப்படிச் சொல்வேன்! எஸ்டேட் பக்கமிருந்து வேகமாக வந்த ஒரு கார், சாமியானாவைக் கண்டதும் நின்றது. உள்ளே பாட்டு ஓடிக்கொண்டிருந்தது, அதை நிறுத்தினார்கள். ஓட்டியவர் என்னைப் பார்த்துக் கைகூப்பிவிட்டுச் சத்தமில்லாமல் பின்னால் போனார். பைக்கில் வந்த ஒருவர் இறங்கி, ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, வண்டியைத் தள்ளியபடி திரும்பினார். ஒருவரும் ஹாரன் அடிக்கவில்லை. நடக்கிறவர்களுக்கு இந்த ஊரில் இவ்வளவு மரியாதையா என்று எனக்குப் பூரித்துப்போய்விட்டது. மெயின் ரோட்டு முனையில் எதிர் வீட்டுத் தம்பி தன் காரை வேறு தெருவில் கொண்டுபோய் நிறுத்திவிட்டு, தடுப்புக்குக் காவலாக உட்கார்ந்திருந்தார். நடுத்தெருவில் பிள்ளைகள் பந்து உருட்ட ஆரம்பித்திருந்தார்கள். பெண்கள் இரண்டு பேர் நடுரோட்டிலேயே கோலம் போட்டுக்கொண்டிருந்தார்கள். நான் வீட்டுக்குள் ஓடிப்போய்ச் சொன்னேன்.

"வந்து பாருங்க, ஒரு வண்டி இல்ல. ரோடு முழுக்க உங்களுக்குத்தான்."

"நீ போ. நா வர்ல. எவனாச்சும் உட்டுகினு வந்துடுவான்" என்றார். முதுகு தெருப்பக்கம்.

எனக்கு வந்த கோபத்துக்கு அவரை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு போயிருப்பேன். எல்லாம் யாருக்காகச் செய்தேன்? சாமியானாவுக்குத் திரும்பிப் போனேன்.

அங்கே பக்கத்துத் தெருக்காரர்கள் சிலர் வந்து உட்கார்ந்திருந்தார்கள். யாரும் சிரிக்கவில்லை. ஒரு அம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டு கண்ணீர் விட்டாள். அவ்வளவு கஷ்டப்பட்டிருக்கிறாயே என்கிற ஆனந்தக் கண்ணீர் என்று நினைத்து, நானும் அவளைத் தட்டிக்கொடுத்தேன். "இனிமே நிம்மதிதாம்மா" என்றேன். அவள் என்னைத் திகைத்துப் பார்த்தாள். எல்லாருக்கும் டீ கொடுத்தேன், ஒருவரும் தொடவில்லை. கொஞ்ச நேரம் தலைகுனிந்து உட்கார்ந்திருந்துவிட்டு ஒவ்வொருவராக எழுந்து போனார்கள், அந்த நாற்காலிகளில் வேறு ஆட்கள் வந்து உட்கார்ந்தார்கள். போனவர்களில் ஒருவர்கூட 'போய்ட்டு வர்றேன்' என்று சொல்லவில்லை.

அதில்தான் எனக்குச் சுருக்கென்றது. எங்கள் பக்கத்தில் எந்த வீட்டிலிருந்து கிளம்பினாலும் 'போய்ட்டு வர்றேன்' என்று சொல்லிக்கொண்டுதான் கிளம்புவோம். சொல்லாமல் எழுந்து போகிறது ஒரே ஒரு வீட்டிலிருந்துதான். சாமியானாவை ஏறிட்டுப் பார்த்தேன். கலரே இல்லாத வெள்ளைத் துணி. முகப்பில் ஒரு கம்பு நட்டு, பட்டப்பகலில் டியூப்லைட் கட்டியிருந்தார்கள். இது சாவு வீட்டுப் பந்தல்.

அந்த நேரத்தில்தான் ஒரு ஷேர் ஆட்டோ வந்து நின்றது. அதிலிருந்து வெள்ளானூர்க் கூட்டாளி இறங்கினார். இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்தபடி இவ்வளவு பெரிய ரோஜா மாலை. மூட்டுவலியில் இரண்டு எட்டு வைத்தவர், முதல் நாற்காலியிலேயே பொத்தென்று விழுந்து, மாலையை மடியில் போட்டுக்கொண்டு கதற ஆரம்பித்தார்.

"மச்சான்... என்ன உட்டுட்டுப் போய்ட்டியே மச்சான்! ஒரு வாட்டி பேசியிருக்கக் கூடாதா? போன எடுக்க மாட்டேன்னுட்டியே!"

"அண்ணே, அழாதீங்க, அப்டியெல்லாம் ஒண்ணுமில்ல, அவரு நல்லா கீறாரு" என்று நான் கத்தினேன். அவர் காதில் ஏறினால்தானே! "வேணா தங்கச்சி, என்ன உள்ள கூப்டாத. அவன அந்த ஐஸ் பொட்டில வெச்சி என்னால பாக்க முடியாது" என்று நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டார். நான் எவ்வளவு இழுத்தும் எழவில்லை. லேத் பட்டறையில் வேலை செய்தவருக்கும் குரல் என்னைப் போலத்தான், தெரு முழுக்கக் கேட்டது. பிள்ளைகள் பந்தை நிறுத்திவிட்டு நின்றார்கள்.

எங்கள் வீடு மெயின் ரோட்டுப் பக்கம், சாமியானா எஸ்டேட் முனையில். நடுவில் கிட்டத்தட்ட முழுத் தெருவும் கிடக்கிறது. அந்த மறுகோடியில் எங்கள் வீட்டுக் கேட் கிறீச்சிட்டது.

என் வீட்டுக்காரர் வெளியே நின்றிருந்தார். லுங்கியும் பனியனும், கையில் தடி. ஒரு நிமிஷம் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்று சத்தம் வந்த பக்கம் பார்த்தார். பிறகு கேட்டை விட்டார்.

நான் ஓடிப்போய்ப் பிடித்திருக்கலாம். நான் போகவில்லை. எதிர் வீட்டுத் தம்பி தடுப்பருகிலிருந்து எழுந்து வந்தார், நான் தூரத்திலிருந்தே கையைக் காட்டி வேண்டாம் என்று நிறுத்தினேன். வலது காலை வைக்கிறார், தடியை ஊன்றுகிறார், இடது காலை இழுத்து வைக்கிறார். கோலத்துக்குப் பக்கத்தில் வந்து, அதை மிதிக்காமல் சுற்றிக்கொண்டு வந்தார். இஸ்திரி வண்டியைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் மூச்சு வாங்கினார். மறுபடி நடந்தார். தெருவின் நடுவில், ஓரத்தில் ஒதுங்காமல், நட்ட நடுவில் நடந்து வந்தார். முன்னால் ஒரு வண்டி இல்லை, பின்னால் ஒரு வண்டி இல்லை. துக்கத்துக்கு வந்து உட்கார்ந்திருந்தவர்கள் ஒருவர் பின் ஒருவராக எழுந்து நின்றார்கள். எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. சொல்லிக்கொள்வதில் எனக்கு வெட்கமில்லை.

கூட்டாளி முகத்தைத் துண்டால் பொத்திக்கொண்டு அழுதுகொண்டிருந்தவர், தடிச் சத்தம் பக்கத்தில் கேட்டுத் தலையைத் தூக்கினார். பார்த்தவர் வாயைத் திறந்தபடியே இருந்தார்.

என் வீட்டுக்காரர் அவர் முன்னால் நின்று, மூச்சு வாங்கிக்கொண்டு, குழறும் நாக்கால் ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தார். "இன்னாடா... டீ... குடிச்சியா?"

கூட்டாளி அவரை இடுப்போடு கட்டிக்கொண்டு மறுபடி அழுதார், இந்த முறை திட்டிக்கொண்டே அழுதார். திட்டியதை இங்கே எழுத முடியாது. டீக்கடைக்காரர் ஓடி வந்து காலில் விழாத குறையாக மன்னிப்புக் கேட்டார். என் வீட்டுக்காரர் சிரித்தார். கோணிய வாயோடு, தோள் குலுங்க, கண்ணில் நீர் வரச் சிரித்தார். அவருக்குப் பக்கவாதம் வந்ததிலிருந்து அப்படி ஒரு சிரிப்பை நான் கேட்கவில்லை. அவர் சிரித்ததும் சாமியானா முழுக்கச் சிரித்தது. ஆறிப்போன டீயை எல்லாரும் எடுத்துக் குடித்தார்கள்.

அப்புறம் அந்த மாலையை என்ன செய்வது என்று ஒரு பிரச்சினை. செத்தவருக்கு வாங்கிய மாலை, உயிரோடிருப்பவர் கழுத்துப் பக்கம் வந்தாலே நான் கையை ஒடித்துவிடுவேன். வீட்டுக்குள்ளும் கொண்டுபோகக் கூடாது. கூட்டாளி அதைக் கையில் வைத்துக்கொண்டு முழித்தார். என் வீட்டுக்காரர்தான் தடியைத் தூக்கி மெயின் ரோட்டு முனையைக் காட்டினார். எதிர் வீட்டுத் தம்பி புரிந்துகொண்டு, மாலையை வாங்கிக்கொண்டு போய் அந்த இரும்புத் தடுப்புக்கு மேல் போட்டார்.

இன்ஸ்பெக்டர் ஜீப்பில் வந்து இறங்கியபோது தடுப்பு ரோஜா மாலையோடு நின்றிருந்தது. தகராறு எதுவும் நடந்திருக்குமோ என்று பார்க்க வந்தவர், மாலையைப் பார்த்ததும் தொப்பியில் கைவைத்தார்.

"யாருப்பா தவறிட்டாங்க?"

"குறுக்கு வழி சார். காத்தாலதான் உசுரு போச்சு" என்றார் எதிர் வீட்டுத் தம்பி.

இன்ஸ்பெக்டருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. முழுக்கதையும் கேட்டுவிட்டு, என் வீட்டுக்காரருக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து ஒரு டீயும் குடித்தார். ஒரு வண்டிக்காரரும் புகார் கொடுக்கவில்லை, கொடுக்க வழியும் இல்லை, எல்லாரும் கைகூப்பிவிட்டல்லவா போயிருந்தார்கள்! "தகராறே இல்லாம ரோட்டை அடைச்சது நீங்க ஒருத்தர்தான்மா" என்றார் என்னிடம். சொன்ன சொல் தவறவில்லை. மறுநாள் மத்தியானமே இரண்டு முனைக்கும் தடுப்பு வந்தது, அந்த வாரத்திலேயே 'வெளி வாகனங்களுக்கு வழி இல்லை' என்று பலகையும் வந்தது. கொஞ்ச நாளில் போனுக்குள்ளிருக்கும் அந்தப் பெண்ணும் எங்கள் தெருவை மறந்துவிட்டு எல்லாரையும் நேராகப் போகச் சொல்ல ஆரம்பித்துவிட்டாள். அவள் வாயை அடைத்ததில் எனக்கிருக்கும் பெருமை கொஞ்சநஞ்சமில்லை. பக்கத்துத் தெருக்காரர்கள் இப்போது என்னிடம் வந்து, எங்கள் தெருவுக்கும் எப்படி வாங்குவது என்று கேட்கிறார்கள். சாமியானாவுக்குச் சொல்லும்போது கலர் துணி என்று மறக்காமல் சொல்லுங்கள் என்று முதலில் அதைச் சொல்லிக்கொடுக்கிறேன்.

அந்தக் காலைக்கு மறுநாள் திங்கட்கிழமை. சாயங்காலம் நான் அடுப்படியில் இருந்தேன். தெருவில் பிள்ளைகள் சத்தம், ஹாரன் ஒன்றும் இல்லை. ஹாலில் நாற்காலி நகரும் ஓசையும், பிறகு தடி ஊன்றும் ஓசையும் கேட்டன. எட்டிப் பார்க்கக் கூடாது என்று கரண்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். கேட் திறந்தது. அப்புறம் சத்தமே இல்லை. கீழே இறங்கப் பயந்துவிட்டாரோ என்று நினைத்தபோது, கேட்டருகிலிருந்து அந்தக் குரல் வந்தது.

"போய்ட்டு வர்றேம்மே."

கரண்டியை வைத்துவிட்டு முந்தானையைத் தேடினேன். அவர் நின்றுகொண்டே இருந்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, செக்கிங் பிரிவுக் குரலில் கத்தினேன். "போய்ட்டு வாங்க!"

அதைக் கேட்ட பிறகுதான் அவர் தெருவில் கால் வைத்தார்.